பள்ளி ஃபுட்பால் அணியில் தலைக்காயம்: கையெழுத்து நம்முடையது, பொறுப்பு யாருடையது?

பிளேனோவாசி:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் டெக்சாஸ் மாநிலத்தில், டாலஸுக்கு வடக்கே பிளேனோவில் வசிக்கிறோம். ஒன்பதாம் வகுப்புக்குப் போகும் என் மகன், பள்ளியின் ஃபுட்பால் அணியில் சேர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். நம்மூர்க் கால்பந்து அன்று. ஹெல்மெட்டும் தோள்கவசமும் அணிந்து மோதி வீழ்த்தும் அமெரிக்க ஃபுட்பால். உயரமும் எடையும் இருப்பதால் முன்வரிசையில் நின்று மோதும் லைன்மேனாக ஆடுவதற்குப் பொருத்தமானவன் என்று பயிற்சியாளர் சொல்லியிருக்கிறாராம்.

உடற்தகுதிச் சான்றிதழுக்கான தாள்களோடு, மூளையதிர்ச்சி குறித்த படிவம் ஒன்றையும் பள்ளி அனுப்பியிருக்கிறது. கன்கஷன் எனப்படும் அந்த மூளையதிர்ச்சி என்றால் என்ன, அதன் அறிகுறிகள் யாவை, அடிபட்ட மாணவன் எப்போது மீண்டும் களமிறங்கலாம் என்பவற்றை விளக்கிவிட்டு, மாணவனும் பெற்றோரும் கீழே கையெழுத்திட வேண்டும் என்கிறது அந்தப் படிவம். அதைப் படித்து முடித்தபின் எனக்குத் தெளிவைவிடக் கலக்கமே மிகுந்தது. ஆபத்தைச் சொல்லிவிட்டோம், இனி உங்கள் பாடு என்று பள்ளி கைகழுவுகிறதா, அல்லது சட்டப்படி தனக்குள்ள கடமையைத்தான் எழுத்தில் தருகிறதா என்பது எனக்கு விளங்கவில்லை. தொழில்முறை ஃபுட்பால் அமைப்பான என்.எஃப்.எல். தன் முன்னாள் ஆட்டக்காரர்களுக்குப் பெருந்தொகை கொடுத்ததாகப் படித்திருக்கிறேன். அப்படியானால் பள்ளிக்கும் அத்தகைய பொறுப்பு உண்டா? இப்போதைய ஹெல்மெட்டுகள் மிகவும் மேம்பட்டவை என்கிறார்களே, அதை எந்த அளவுக்கு நம்பலாம்?

என் மனைவி கூடவே கூடாது என்கிறார். நான் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. விவரம் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பிட்ஸ்பர்க் மருத்துவர்:

நான் நரம்பியல் துறையில் பணிபுரிகிறேன். பெற்றோரின் நம்பிக்கை பெரும்பாலும் ஹெல்மெட்டின்மேல்தான் இருப்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

மண்டையோடு உடையாமலும் மண்டைக்குள் இரத்தக்கசிவு ஏற்படாமலும் காப்பதே ஹெல்மெட்டின் முதன்மையான பணி. அதை அது நன்றாகவே செய்கிறது. 1968ஆம் ஆண்டில் இந்த ஆட்டத்தில் நேரடியாக அடிபட்டு இறந்தவர்கள் 36 பேர். அதற்கு மறு ஆண்டே விளையாட்டுக் கவசங்களுக்கான தரநிர்ணயக் குழு அமைக்கப்பட்டது. 1973இல் ஹெல்மெட்டுக்கான தரம் வகுக்கப்பட்டது. தலையை ஈட்டிபோல நீட்டிக்கொண்டு மோதுவது 1976இல் தடைசெய்யப்பட்டது. அதன்பின் இறப்புகள் வெகுவாகக் குறைந்தன. ஆனால் மூளையதிர்ச்சி என்பது ஓடு உடைவதால் வருவது அன்று. மூளை, மண்டையோட்டுக்குள் நீர்மத்தில் மிதந்துகொண்டிருக்கிறது. ஓடிவரும் தலை சட்டென நிற்கும்போதோ ஒருபக்கமாகச் சுழலும்போதோ, மூளை அந்த வேகத்தோடு உள்ளே அசைந்து முறுக்கப்படுகிறது. அதன் நீண்ட நரம்பிழைகள் இழுபடுகின்றன. வெளியே எவ்வளவு கெட்டியான கவசம் இருந்தாலும் உள்ளே நிகழும் இந்த அசைவை ஓரளவு மட்டுப்படுத்தலாமே தவிரத் தடுக்க இயலாது. ஐயமிருந்தால், வாங்கவிருக்கும் ஹெல்மெட்டின் பின்புறம் ஒட்டப்பட்டிருக்கும் எச்சரிக்கையைப் படித்துப் பாருங்கள். எந்த ஹெல்மெட்டும் மூளைக்காயத்தை முழுமையாகத் தடுக்காது, இந்த ஆபத்தைத் தவிர்க்க வேண்டுமானால் ஃபுட்பால் ஆடாதீர்கள் என்ற பொருளில் ஒரு நிறுவனம் அச்சிட்டே ஒட்டியிருந்தது. விற்பவரே இவ்வளவு வெளிப்படையாக எழுதிவைக்கும் பொருள் வேறு எதுவும் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

அடுத்தது, படிவம் சொல்லாத செய்தி. நான் இருக்கும் இந்த ஊரின் ஸ்டீலர்ஸ் என்ற என்.எஃப்.எல். அணிக்காக நான்கு சூப்பர் பவுல் (என்.எஃப்.எல். இறுதிப் போட்டி) வெற்றிகளில் பங்கேற்ற மைக் வெப்ஸ்டர், 2002இல் 50 வயதில் இறந்தார். கடைசி ஆண்டுகளில் நினைவு தடுமாறி, வீடு வாசல் இன்றித் தம் வாகனத்திலேயே உறங்கும் நிலைக்கு வந்திருந்தார். உடற்கூறு ஆய்வு செய்த பென்னட் ஒமாலு என்ற நைஜீரிய மருத்துவர், அவருடைய மூளைத் திசுக்களில் டௌ என்னும் புரதம் இயல்புக்கு மாறாகப் படிந்திருப்பதைக் கண்டு 2005இல் கட்டுரையாக வெளியிட்டார். தலையில் மீண்டும் மீண்டும் அடிபடுவதோடு தொடர்புடைய, சி.டி.இ. என்று இன்று அழைக்கப்படும் மூளைநோய் அதுதான். குத்துச்சண்டை வீரர்களிடம் இத்தகைய தடுமாற்றம் இருப்பதை ஹாரிசன் மார்ட்லண்ட் 1928லேயே எழுதியிருக்கிறார். ஃபுட்பாலில் அதைத் தேடிப் பார்க்க முக்கால் நூற்றாண்டு பிடித்தது.

பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஆன் மெக்கீ குழுவினர் 2017இல் வெளியிட்ட ஆய்வில், என்.எஃப்.எல். ஆட்டக்காரர்கள் 111 பேரின் மூளைகளில் 110இல் இந்நோய் காணப்பட்டது. இந்த எண்ணைக் கண்டு அஞ்ச வேண்டாம். உயிரோடிருக்கும்போதே நோய்க்குறி காட்டியவர்களின் குடும்பத்தினரே பெரும்பாலும் மூளையைத் தானமாகத் தந்தார்கள் என்பதால், ஆடுபவர் அனைவருக்கும் இதே விகிதத்தில் நோய் வரும் என்று கொள்ளக்கூடாது. அதைவிட உங்களுக்குப் பயன்படுவது 2019இல் அதே குழுவினர் கண்டது: ஆடும் ஒவ்வோர் ஆண்டுக்கும் இந்நோய் வருவதற்கான வாய்ப்பு சுமார் 30 சதவீதம் கூடுகிறது. அடையாளம் காணப்பட்ட கன்கஷன்களின் எண்ணிக்கையைவிட, ஆண்டுக்கணக்கில் தலை வாங்கும் அடிகளின் மொத்தச் சுமைதான் இந்நோயோடு நெருங்கிப் பொருந்துகிறது.

லைன்மேன் என்று சொன்னீர்கள். பந்து விடுபட்ட ஒவ்வொரு முறையும் எதிரே நிற்பவனோடு முட்டுவதுதான் அவனுடைய வேலை. மயக்கம் வராது, வாந்தி வராது, ஆட்டம் நிற்காது. பர்டியூ பல்கலைக்கழகத்தினர் உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் ஹெல்மெட்டுகளில் உணர்கருவிகளைப் பொருத்தி ஆராய்ந்தபோது, கன்கஷன் என்று எவராலும் கண்டறியப்படாத சிலருடைய மூளைச் செயல்பாட்டிலும் மாற்றங்களைக் கண்டார்கள். உங்கள் கையிலிருக்கும் படிவமோ, கன்கஷன் ஏற்பட்டதாக ஒருவர் ஐயப்படும் நொடியில்தான் வேலை செய்யத் தொடங்குகிறது. அதற்கு முந்தைய நூற்றுக்கணக்கான முட்டல்களைப் பற்றி அதில் ஒரு வரியும் இருக்காது.

ஹியூஸ்டன் வழக்குரைஞர்:

மருத்துவர் விட்ட இடத்திலிருந்து சட்டத்தைச் சொல்கிறேன். இது பொதுவான விளக்கமே. உங்கள் வழக்குக்கான ஆலோசனையாகக் கொள்ள வேண்டாம்.

இந்தப் படிவத்தின் வேர் வாஷிங்டன் மாநிலத்தில் இருக்கிறது. 2006இல் அங்கே ஸாக்கரி லிஸ்டெட் என்ற 13 வயது மாணவன் ஆட்டத்தின் நடுவே தலையில் அடிபட்டு, சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு, இரண்டாம் பாதியில் மீண்டும் ஆட அனுப்பப்பட்டான். ஆட்டம் முடிந்ததும் சரிந்து விழுந்தான். மூளை வீங்கியதால் மண்டையோட்டின் இருபுறமும் எலும்பை அகற்ற வேண்டியிருந்தது. எழுந்து நிற்கவே அவனுக்கு ஆண்டுகள் ஆயின. 2009இல் அவன் பெயரால் இயற்றப்பட்ட சட்டத்தைப் பின்பற்றி, 2014க்குள் 50 மாநிலங்களும் இத்தகைய சட்டங்களை இயற்றின. டெக்சாஸ் சட்டம் 2011இல் வந்தது. கன்கஷன் என்ற ஐயம் எழுந்தாலே மாணவனைக் களத்திலிருந்து விலக்க வேண்டும். மருத்துவர் ஒருவர் எழுத்தில் ஒப்புதல் தராமல் அவன் திரும்பக் கூடாது. அந்த மருத்துவரைத் தேர்ந்தெடுப்பவர் நீங்கள். பயிற்சியாளர் தாமாக அவனைத் திரும்பச் சேர்க்க முடியாது. ஆகவே படிவம் வெறும் கைகழுவல் அன்று. பள்ளியின்மேல் உண்மையான கடமைகளை அது வைக்கிறது.

ஆனால் அந்தக் கடமையைப் பள்ளி மீறினால் என்ன ஆகும் என்பதைத்தான் பெற்றோர் அறிவதில்லை. டெக்சாஸில் அரசுப் பள்ளிகளை நிர்வகிக்கும் பள்ளி மாவட்டங்களுக்கு இழப்பீட்டு வழக்குகளிலிருந்து விலக்கு உண்டு. அவற்றின் கவனக்குறைவுக்காக வழக்குத் தொடர, மாநிலச் சட்டம் திறந்துவைத்திருக்கும் வாசல் மோட்டார் வாகனப் பயன்பாடு ஒன்றுதான். பள்ளிப் பேருந்து மோதினால் வழக்குப் போடலாம். பள்ளி மைதானத்தில் மோதினால் பெரும்பாலும் முடியாது. மூளையதிர்ச்சிச் சட்டமும் இந்த விலக்கில் கைவைக்காமல் அப்படியே விட்டுவிட்டது. கடமை உண்டு, மீறினால் கேட்க ஆளில்லை என்ற இந்த நிலையை நான் நியாயமாகக் கருதவில்லை. கையெழுத்திட்டாலும் இடாவிட்டாலும் நிலை இதுவேதான்.

என்.எஃப்.எல். கதை வேறு. ஆட்டம் ஆபத்தானது என்பது அங்கே குற்றச்சாட்டின் மையமாக இல்லை; ஆபத்தை அறிந்திருந்தும் இல்லையென்று சொல்லிவந்தார்கள் என்பதே மையம். 1994இல் அந்த அமைப்பு மூளைக்காயங்களை ஆராயக் குழு ஒன்றை அமைத்தபோது, தலைவராக நியமிக்கப்பட்டவர் மூட்டுவாத மருத்துவர். ஒமாலுவின் கட்டுரையைத் திரும்பப் பெறச் சொல்லி இதழுக்கு எழுதியவர்கள் அந்தக் குழுவைச் சேர்ந்தவர்களே. 2009இல் நாடாளுமன்ற விசாரணையில், நீங்கள் பேசுவது பழைய சிகரெட் நிறுவனங்களின் பேச்சைப் போல இருக்கிறது என்று லிண்டா சான்செஸ் என்ற உறுப்பினர் என்.எஃப்.எல். தலைவரிடம் சொன்னார். சி.டி.இ. நோய்க்கும் ஃபுட்பாலுக்கும் தொடர்பு உண்டு என்று அந்த அமைப்பின் மூத்த அதிகாரி ஒருவர் வெளிப்படையாக ஒப்புக்கொள்ள 2016 ஆயிற்று. இதற்கிடையே 4,500க்கும் மேற்பட்ட முன்னாள் ஆட்டக்காரர்கள் தொடுத்த வழக்கு, 2013இல் 76.5 கோடி டாலர் என்ற சமரசத்துக்கு வந்து, தொகை போதாது என்று ஃபிலடெல்ஃபியா நீதிபதி அனிட்டா பிராடி ஐயம் எழுப்பியபின், உச்சவரம்பு நீக்கப்பட்டு 2015இல் ஏற்கப்பட்டது. இதுவரை வழங்கப்பட்டது 100 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. தவறு எதையும் அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. இறந்தபின் சி.டி.இ. கண்டறியப்பட்டதற்கான இழப்பீடு, 2015 ஏப்ரல் 22க்கு முன் இறந்தவர்களுக்கு மட்டுமே. கறுப்பின ஆட்டக்காரர்களின் அறிவுத்திறன் தொடக்கத்திலேயே குறைவாக இருந்திருக்கும் என்று கருதும் அளவுகோலைக் கொண்டு அவர்களுடைய கோரிக்கைகள் மதிப்பிடப்பட்டன. 2021இல்தான் அதைக் கைவிடுவதாக அறிவித்தார்கள். பெருந்தொகை கொடுத்தார்கள் என்று நீங்கள் படித்த செய்திக்குள் இவையும் அடங்கியிருக்கின்றன.

ஹெல்மெட் நிறுவனங்களைக் கேட்கலாமே என்பீர்கள். 2013இல் கொலராடோவில் ஒரு பள்ளி மாணவனின் வழக்கில் 1.15 கோடி டாலர் இழப்பீடு தீர்ப்பாயிற்று. ஹெல்மெட்டின் வடிவமைப்பில் குறை இல்லை, கன்கஷன் குறித்துச் சரிவர எச்சரிக்காததுதான் தவறு என்று கருதிய ஜூரிகள், ஹெல்மெட்டைத் தயாரித்த ரிடெல் நிறுவனத்தின் பங்கு 27 சதவீதம் என்றார்கள். அதாவது பொறுப்பைப் பிரித்துப் பார்க்க நீதிமன்றங்களுக்குத் தெரியும். எந்தக் கதவைத் தட்ட உங்களுக்கு அனுமதி உண்டு என்பதுதான் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது.

வெள்ளிக்கிழமை ரசிகன்:

மேலே எழுதிய இருவரின் அறிவையும் மதிக்கிறேன். ஆனாலும் சற்று அதிகமாகவே அச்சமூட்டிவிட்டார்கள். இந்த ஆட்டம் தன்னைத் திருத்திக்கொள்ள மறுத்த ஆட்டம் அன்று. 1905இல் உயிரிழப்புகள் பெருகியபோது குடியரசுத் தலைவர் தியடோர் ரூஸ்வெல்ட்டே ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தாரை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார்; மறு ஆண்டு விதிகள் மாறி, பந்தை முன்னோக்கி எறிவது அனுமதிக்கப்பட்டது. நம் காலத்திலும் அப்படியே. ஹார்வர்ட், யேல் முதலியவை அடங்கிய ஐவி லீக் பல்கலைக்கழகங்கள் 2016இல், பந்தை உதைத்து ஆட்டத்தைத் தொடங்கும் கிக் ஆஃப் கோட்டை ஐந்து கெஜம் முன்னால் நகர்த்தின. ஓடிவந்து மோதும் வாய்ப்புக் குறைந்து, கிக் ஆஃப்களில் 1,000க்கு சுமார் 11 ஆக இருந்த கன்கஷன் சுமார் 2 ஆக இறங்கியது. பெண்கள் ஆடும் சாக்கரிலும் (நம்மூர்க் கால்பந்து) கன்கஷன் குறைவில்லை. அதற்காக யாரும் மகளை வீட்டில் பூட்டிவைப்பதில்லை.

பிளேனோவுக்குப் பக்கத்து ஊரான ஆலனில் உயர்நிலைப் பள்ளிக்கென்றே 6 கோடி டாலர் செலவில், 18,000 பேர் அமரும் அரங்கம் இருக்கிறது. பள்ளி ஆட்டங்கள் நடக்கும் வெள்ளிக்கிழமை இரவில் அங்கே ஒருமுறை போய் உட்கார்ந்து பாருங்கள். அந்தச் சிறுவர்களுக்கு அணி என்றால் என்ன என்பது அப்போது புரியும். அதையும் கணக்கில் சேர்த்த பிறகு முடிவெடுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

வடடெக்சாஸ் தாய்:

என் மகன் பள்ளிக்காலம் முழுவதும் லைன்பேக்கராக (தடுப்பு அணியில் முன்வரிசைக்குப் பின்னால் நிற்பவர்) ஆடி, சென்ற ஆண்டு படிப்பை முடித்தான். எனவே ரசிகர் சொல்லும் அந்த வெள்ளிக்கிழமை இரவுகளை நான் நன்கறிவேன். அவற்றின் இன்பத்தை மறுக்கவும் மாட்டேன். ஆனால் அடி அங்கே மட்டும் விழுவதில்லை, ஐயா. செவ்வாயும் புதனும் யாரும் கைதட்டாத பயிற்சியில்தான் பெரும்பகுதி விழுகிறது. நீங்கள் எடுத்துக்காட்டிய அதே ஐவி லீக், ஆட்டப் பருவத்தின் பயிற்சிகளில் டாக்கிள் செய்வதையே, அதாவது ஆளை மோதி வீழ்த்துவதையே, 2016இல் நிறுத்திவிட்டது. அதில் ஒன்றான டார்ட்மத் அதற்கும் ஆறு ஆண்டுகளுக்கு முன்பே நிறுத்தியும் வெற்றி பெற்றுக்கொண்டுதான் இருந்தது.

ஒரு நாள் பயிற்சி முடிந்து வந்தவன், சாப்பிட உட்காரும்போது விளக்கு கண்ணைக் கூசுகிறது, அணையுங்கள் என்றான். தட்டில் போட்ட தோசையைக் கிள்ளிக் கிள்ளி வைத்தான். தலையில் அடியா என்று கேட்டதற்கு, இல்லை, வெயில் என்றான். வற்புறுத்திக் கேட்டபோதுதான், மோதிய பிறகு சற்று நேரம் காதில் ஓர் இரைச்சல் இருந்ததையும், காயங்களைக் கவனிக்கும் அத்லெடிக் டிரெய்னர் கேட்டபோது ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டதையும் ஒப்புக்கொண்டான். அந்த வாரம் முதல் அணியில் அவனுக்கு இடம் உறுதியாகவிருந்தது; சொன்னால் அது போய்விடும் என்ற அச்சம். மறுநாள் காலை நாங்களே டிரெய்னருக்குச் சொன்னோம். அவர் உடனே அவனை விலக்கினார், அவர்மேல் எனக்குக் குறையில்லை. பயிற்சியாளர்தான் பிறகு பல நாட்கள் எங்களிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இந்த ஏற்பாட்டின் ஓட்டை இதில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். அடிபட்ட மூளையே தனக்கு அடிபட்டதென்று உணர்ந்து, தனக்குப் பிடித்தமான ஒன்றை இழக்கும்படி, தானே சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். அதுவும் பதினைந்து வயதில். மருத்துவர்கள் புடைசூழ ஆடும் என்.எஃப்.எல்.லிலேயே அது நடக்கவில்லை. 2022 செப்டம்பரில் மயாமி அணியின் டுவா டாகோவாய்லோவா, தலை தரையில் மோதியபின் தள்ளாடி விழுந்ததை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. முதுகுவலி என்று காரணம் சொல்லி அவர் ஆட்டத்துக்குத் திரும்பினார். நான்கே நாளில் சின்சினாட்டியில் மீண்டும் அடிபட்டு, விரல்கள் விறைத்துக்கொள்ள, ஸ்ட்ரெச்சரில் கொண்டுசெல்லப்பட்டார். அதன்பிறகுதான், தள்ளாட்டம் கண்டால் எந்த விளக்கத்தையும் ஏற்காமல் வெளியேற்ற வேண்டும் என்று விதியை மாற்றினார்கள். கோடிக்கணக்கில் ஊதியம் பெறும், சங்கம் உள்ள, முப்பது கேமராக்கள் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கே அந்தக் கதி என்றால், ஒன்பதாம் வகுப்பு இரண்டாம் அணிச் சிறுவனை யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்?

ஆகவே கையெழுத்தைப் பற்றிக் கவலைப்படுவதை விட்டுவிட்டுப் பயிற்சியாளரைப் போய்ப் பாருங்கள். டெக்சாஸ் பள்ளி அணிகளில் ஆட்டப் பருவத்தின்போது முழு மோதல் பயிற்சி, ஒரு மாணவனுக்கு வாரத்துக்கு 90 நிமிடம்தான் என்ற வரம்பு 2013இலிருந்து இருக்கிறது. அந்த நிமிடங்களை எழுதிவைப்பவர் யார் என்று கேளுங்கள். முதல் அணிக்கு டிரெய்னர் இருப்பார். ஒன்பதாம் வகுப்பு அணியின் பயிற்சிக்கும் வெளியூர் ஆட்டத்துக்கும் இருப்பாரா என்று கேளுங்கள். இந்தக் கேள்விகளுக்குத் தயக்கமின்றிப் பதில் சொல்பவரிடம் மகனை ஒப்படைக்கலாம். சிரித்து மழுப்புபவரிடம் ஒப்படைக்க வேண்டாம்.

பிளேனோவாசி:

பொறுமையாக எழுதிய அனைவருக்கும் நன்றி. பயிற்சியாளரை இந்த வாரமே பார்க்க நேரம் கேட்டிருக்கிறேன். இன்னும் இரண்டு ஐயங்கள். பருவம் தொடங்குமுன் கணினியில் ஒரு நினைவாற்றல் சோதனை வைப்பார்களாம். அது பாதுகாப்பு தருமா? டாக்கிள் இல்லாத ஃப்ளாக் ஃபுட்பாலில் ஓரிரு ஆண்டுகள் ஆடிவிட்டுப் பிறகு அணியில் சேர்ந்தால் பயன் உண்டா?

பிட்ஸ்பர்க் மருத்துவர்:

அந்தச் சோதனை பாதுகாப்புத் தருவதன்று. அடிபட்டபின் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, நன்றாக இருக்கும்போதே எடுத்துவைக்கும் அளவு அது. பின்னால் எளிதில் தேறிவிடலாம் என்று, முதல் முறை வேண்டுமென்றே மந்தமாகப் பதிலளிக்கும் மாணவர்கள் உண்டு. நன்றாக உறங்கியெழுந்து, நேர்மையாக எழுதச் சொல்லுங்கள். காரணத்தையும் அவனிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஃப்ளாக் ஆட்டத்துக்குப் பயன் உண்டு என்பதே என் கருத்து. அடிகளின் மொத்தச் சுமைதான் கணக்கு என்றால், மோதாமல் கழியும் ஒவ்வோர் ஆண்டும் இலாபமே. 14 வயதுக்கு முன் டாக்கிள் ஆட்டமே வேண்டாம் என்று ராபர்ட் கான்டு போன்ற மூத்த மருத்துவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் ஃப்ளாக் ஃபுட்பால் இடம்பெறுவதால், அது சிறுபிள்ளை விளையாட்டு என்று உங்கள் மகன் முகம் சுளிக்கவும் காரணமில்லை. அணியில்தான் சேருவேன் என்று நின்றால், லைன்மேன் அல்லாத இடம் கிடைக்குமா என்று பயிற்சியாளரிடம் கேட்டுப் பாருங்கள்.

ஹியூஸ்டன் வழக்குரைஞர்:

ஒன்று சேர்க்க வேண்டும். கன்கஷனுக்குப் பிறகு மாணவன் படிப்படியாகத் திரும்பும் நடைமுறை ஒழுங்காகப் பின்பற்றப்படுகிறதா என்று மேற்பார்வையிடும் பொறுப்பை, டெக்சாஸ் சட்டம் பள்ளி மாவட்டக் கண்காணிப்பாளரிடமோ அவர் நியமிக்கும் ஒருவரிடமோ தருகிறது. அந்த ஒருவர் அணியின் பயிற்சியாளராக இருக்கக் கூடாது என்றும் சொல்கிறது. உங்கள் பள்ளியில் அவர் யார் என்பதைப் பயிற்சியாளரிடம் கேட்க வேண்டாம். மாவட்ட அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கி, படிவத்தின் நகலோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.